கல் காயும் வரை

மாலை நான்கு மணிக்கு அந்தக் கல்லின் மேல்பாதி உலர்ந்து வெளுத்திருந்தது. ஐந்தரை மணிக்குக் கல்லைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் லேசாக மேடுகட்டி ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்யவில்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. காலையிலிருந்து அடித்த வெயிலில் உச்சியில் பனி உருகி, அந்தத் தண்ணீர் இப்போதுதான் எங்கள் முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

நாங்கள் நான்கு பேர். மலைப்பாதையில் அது நான்காவது நாள். அக்கரையில் பாதை தெளிவாகத் தெரிந்தது, கூடாரம் போடத் தோதான சமதரையும் தெரிந்தது. நடுவில் இருபத்தைந்து அடி அகலத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர். எனக்கு இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தது. எங்களில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எதுவும் பேசாமல் முதுகுப்பையை இறக்கி வைத்தார். "இன்னிக்கு இங்கதான் படுக்கிறோம்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. அதற்குக் காரணம், இரண்டு வருடத்துக்கு முன்பு வேறொரு ஆற்றில் நடந்த சம்பவம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அன்று தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலே. 'முழங்கால் தண்ணிதானே' என்று இறங்கினேன். ஷூ நனையக்கூடாது என்று கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் மாட்டியிருந்தேன். முதுகுப்பையின் மார்புப் பட்டை, இடுப்புப் பட்டை எல்லாம் இறுக்கமாகக் கட்டியிருந்தது. அக்கரை எத்தனை அடி தூரம் என்று பார்த்தேனே தவிர, ஆறு கீழே எங்கே போகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடு ஆற்றில் வலது காலுக்கு அடியில் ஒரு கல் உருண்டது. விரல்கள் மரத்துப்போயிருந்ததால் அது உருண்டதே எனக்குத் தெரியவில்லை. உடம்பு சாய்ந்த பிறகுதான் தெரிந்தது.

விழுந்த மறுகணம் என்னையறியாமல் வாய் திறந்து மூச்சை இழுத்தேன். பாதி காற்று, பாதி தண்ணீர். பை மிதந்து தலைக்கு மேல் ஏறி முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தியது. நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். திரும்பத் திரும்ப நிற்கப் பார்த்தேன். அன்று நான் செய்ததிலேயே ஆபத்தானது அதுதான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முப்பது மீட்டர் போனதும் ஆறு அகன்று ஒரு கூழாங்கல் திட்டில் ஏறியது. அங்கே ஒதுங்கினேன்.

இருமி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, திட்டுக்குக் கீழே இன்னொரு முப்பது மீட்டரில் ஒரு பெரிய மரம் ஆற்றுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. கிளைகள் எல்லாம் தண்ணீருக்குள். ஆறு கொண்டுவந்த புல்லும் வேரும் அந்தக் கிளைகளில் சிக்கி, வாரிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே திசையில் படிந்திருந்தன. கிளைகளுக்கு நடுவே தண்ணீர் மட்டும் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நண்பன் ஓடி வந்து தோளைப் பிடிக்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஆற்றைப் பார்த்ததும் முதலில் கேட்பது 'எவ்வளவு ஆழம்?' என்றுதான். நான் அன்று கேட்டிருக்க வேண்டியது 'எவ்வளவு வேகம்?' என்பதையும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. அது ஓடும்போது காலில் கொடுக்கும் தள்ளு, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் அளவுத் தண்ணீர் வினாடிக்கு 1 மீட்டர், அதாவது நிதானமான நடை வேகத்தில் ஓடினால், இரண்டு கால்களையும் சேர்த்து ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். அதே ஆழத்தில் வினாடிக்கு 2 மீட்டர் என்றால் 24, 25 கிலோ. அந்த வேகத்தில் தொடை வரை ஏறிவிட்டால் 50 கிலோவை நெருங்கிவிடும். பக்கவாட்டில் ஒருவர் விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும்போது, பாசி படிந்த உருளைக் கல்லின் மேல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

ஆழம் கூடினால் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். தொப்புள் வரை தண்ணீர் ஏறினால் பாதத்தில் இறங்கும் எடை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பிடிமானம் குறைகிற அதே நேரத்தில் தள்ளு கூடுகிறது. அதனால்தான் வேகமான தண்ணீரில் முழங்காலுக்கு மேல் போனால் நான் இப்போதெல்லாம் இறங்குவதில்லை. ஆறு மெதுவாக ஓடினால் தொடை வரை. அதற்கு மேல் வேறு இடம் தேடுவேன், இல்லையென்றால் திரும்பிவிடுவேன்.

வேகத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சுள்ளியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, கரையில் அதன் கூடவே நடந்து பார்க்க வேண்டும். நடந்து ஈடுகொடுக்க முடியாமல் ஓட வேண்டியிருந்தால், அந்தத் தண்ணீர் நமக்கானது இல்லை. அப்புறம் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் 'கடகட' என்று ஒரு மந்தமான ஓசை கேட்கிறதா? அது ஆற்றின் அடியில் பாறைகள் உருள்கிற சத்தம். காலில் மோதினால் எலும்பு தாங்காது. நிறம் திடீரென்று கலங்கினாலும், குச்சியும் சருகும் மிதந்து வர ஆரம்பித்தாலும், மேலே எங்கேயோ மழை கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

எந்த இடத்தில் கடப்பது என்பதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். பாதை ஆற்றைத் தொடுகிற இடம்தான் துறை என்று நினைத்துக்கொள்கிறோம். பாதை போட்ட காலத்தில் அது நல்ல துறையாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு வெள்ளமும் ஆற்றைப் புரட்டிப்போட்டுவிட்டுத்தான் போகிறது. அதனால் மேலேயும் கீழேயும் அரை மணி நேரமாவது நடந்து பார்ப்பேன். முடிந்தால் ஒரு மேட்டில் ஏறி நின்று பார்ப்பேன். மேலிருந்து பார்த்தால் கரையில் தெரியாத மணல்திட்டெல்லாம் தெரியும்.

குறுகலான இடம் ஆசை காட்டும், நாலே எட்டில் தாண்டிவிடலாம் போல இருக்கும். ஆனால் அகலத்தில் போக வேண்டிய தண்ணீர் அத்தனையும் அங்கே ஆழத்திலும் வேகத்திலும் போகிறது. எனக்குப் பிடித்தது அகலமான இடம். ஆறு பல கிளைகளாகப் பிரிந்து திட்டு திட்டாக ஓடினால் இன்னும் நல்லது, ஒவ்வொரு கிளையாகக் கடந்து நடுவில் நின்று மூச்சு வாங்கலாம். இரண்டு ஆறுகள் சேருகிற இடம் என்றால், சேர்வதற்கு மேலேயே தனித்தனியாகக் கடந்துவிட வேண்டும். வளைவில் வெளிப்பக்கக் கரையை ஆறு குடைந்து ஆழமாக்கியிருக்கும், உட்பக்கம் மணலைக் கொட்டி மேடாக்கியிருக்கும். அதனால் வளைவில் இறங்காமல், இரண்டு வளைவுக்கு நடுவில் நேராக ஓடுகிற இடத்தைத் தேடுவேன். மேற்பரப்பில் சின்னச் சின்ன அலை பரவலாகத் தெரிந்தால் பெரும்பாலும் கூழாங்கல் படுகை, ஆழம் குறைவு. கண்ணாடி மாதிரி வழவழப்பாக, கருத்துத் தெரிகிற தண்ணீரை நம்ப மாட்டேன். அதற்கடியில் மடு இருக்கலாம். ஏறப்போகிற அக்கரையையும் பார்த்துவிட வேண்டும். செங்குத்தான மண்கரை என்றால், கடந்து முடித்த பிறகும் இடுப்புத் தண்ணீரில் நின்று கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருக்க நேரும்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. விழுந்தால் எங்கே போவேன்? நான் தேர்ந்தெடுத்த இடத்துக்குக் கீழே அருவியோ, பாறை இடுக்கோ, சாய்ந்த மரமோ இருந்தால், துறை எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் அது துறை ஆகாது. கீழே அகலமான, ஆழம் குறைந்த தண்ணீரும் ஒதுங்க ஒரு திட்டும் இருந்தால், சற்றுக் கடினமான இடத்தில்கூட இறங்கலாம். அன்று அந்த மரத்தைப் பார்த்த நாளிலிருந்து, ஆற்றங்கரைக்கு வந்தால் முதலில் கீழ்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

சரி, இறங்குவது என்று முடிவாகிவிட்டது. ஷூவைக் கழற்றக்கூடாது. சாக்ஸையும் உள்ளங்கால் அட்டையையும் எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, வெறும் ஷூவை மாட்டி இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கலாம். ஷூ எப்படியும் காய்ந்துவிடும். வெறுங்காலில் பிடிமானமும் இல்லை, காயத்துக்குத் தடுப்பும் இல்லை. காற்றில் பறக்கிற, தண்ணீரை ஏந்திக்கொள்கிற தொளதொளப்பான கால்சட்டையைச் சுருட்டிவிட வேண்டும், இல்லை கழற்றிவிட வேண்டும். தூங்கும் பையும் மாற்று உடையும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் போய், வாய் முறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். காற்று அடைபட்ட பை மிதக்கும் என்பது கூடுதல் பலன்.

பட்டைகளைப் பற்றி அனுபவசாலிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. மார்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் சண்டை இல்லை. இடுப்புப் பட்டை விஷயத்தில், விழுந்தால் பையை உதறிவிட வசதியாகக் கழற்றி வை என்பார்கள் சிலர். பை மிதக்கும், அது உன்னைத் தூக்கிப் பிடிக்கும், கழற்றாதே என்பார்கள் சிலர். தனியாகக் கடக்கும்போது நான் கழற்றிவிடுகிறேன். தலையை அழுத்திய அந்தப் பையின் பாரம் இன்னும் பிடரியில் இருக்கிறது. மற்றவர்களோடு கை கோத்துக் கடக்கும்போது மாட்டிக்கொள்கிறேன், ஏனென்றால் அப்போது பக்கத்து ஆளுக்குப் பிடியே அந்தப் பட்டைதான்.

தனியாக என்றால் ஒரு வலுவான கம்பு வேண்டும். நீரோட்டத்தைப் பார்த்தபடி நின்று, கம்பை மேல்பக்கம் ஊன்றி, அதன் மேல் கொஞ்சம் சாய்ந்துகொள்ள வேண்டும். தண்ணீரின் அடியில் கம்பு 'விர்' என்று அதிர்வது உள்ளங்கையில் தெரியும். முதல் தடவை அந்த அதிர்வு பயமுறுத்தும், பிறகு அதுவே வேகத்தைச் சொல்லும் அளவுகோலாகிவிடும். இரண்டு கால், ஒரு கம்பு என்று மூன்று ஊன்றுகோல். எப்போதும் அதில் இரண்டு தரையில் இருக்க வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல், தேய்த்தபடி நகர்த்தி, கல் ஆடுகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் எடையை மாற்ற வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி ஏறப்பார்க்காமல், சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாகப் போனால் ஆறே கொஞ்சம் கொண்டுபோய் விடும். கண்ணை ஓடுகிற தண்ணீரில் வைத்தால் தலை சுற்றும். நான் அக்கரையில் ஒரு பாறையைக் குறித்துக்கொண்டு அடிக்கடி அதைப் பார்த்துக்கொள்வேன்.

கூட்டமாக என்றால் நியூசிலாந்துக்காரர்கள் சொல்லிக்கொடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறியவர்கள் ஆறுகளில் மூழ்கிச் சாவது அவ்வளவு சாதாரணமாக இருந்ததால், அதற்கு 'நியூசிலாந்துச் சாவு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்த மண்ணில் இன்று கற்றுத்தருவது இது: எல்லோரும் அக்கரையைப் பார்த்துத் தோளோடு தோள் நிற்க வேண்டும். பக்கத்து ஆளின் முதுகுக்கும் பைக்கும் இடையே கையை விட்டு, அவருடைய பைப் பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலுவான ஆள் நீரோட்டத்தின் மேல்முனையில். வரிசை முழுவதும் நீரோட்டத்துக்கு இணையாக நின்றபடியே அக்கரை நோக்கி நகர்வதால், முதல் ஆள் தண்ணீரை உடைத்துக் கொடுக்க, அடுத்தவர்களுக்குத் தள்ளு குறைகிறது. ஒருவர் வழுக்கினால் இரண்டு பக்கமும் இழுத்து நிறுத்துகிறார்கள். கையைக் கோத்துக்கொண்டு நாலு பேர் ஆற்றுக்குள் நடக்கும்போது, அதுவரை தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தவர்கள் ஒரே உடம்பாகிவிடுவதை நான் உணர்ந்திருக்கிறேன்.

கயிறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பதற்கு அதுதான் மிகவும் பத்திரமாகத் தெரியும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்காதீர்கள். விழுந்தவரைக் கயிறு ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தும்போது, ஓடுகிற தண்ணீர் அவரைக் கீழே அழுத்திவிடும். கரையில் இருப்பவர்கள் உயிரைக் கொடுத்து இழுக்க இழுக்க, அவர் இன்னும் ஆழத்துக்குப் போவார். கயிற்று மீட்புக்கென்று முறையான பயிற்சி இருக்கிறது; அது இல்லாதவர்கள் கையில் கயிறு உதவியாக இருப்பதில்லை.

விழுந்துவிட்டால்? மல்லாந்து மிதக்க வேண்டும். கால்கள் ஆறு போகும் திசையில், பாதங்கள் நீர்மட்டத்துக்கு அருகே, வருகிற பாறைகளை உதைத்துத் தள்ளத் தயாராக. கைகளால் துழாவிக் கரைப் பக்கம் சாய்வாகப் போக வேண்டும். எழுந்து நிற்கக்கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் ஆறு முதுகில் ஏறி முகத்தைத் தண்ணீருக்குள் மடக்கிவிடும், முழங்கால் ஆழமே அதற்குப் போதும். அன்று திரும்பத் திரும்ப நிற்கப் பார்த்தேனே, அந்த முப்பது மீட்டரில் ஒரு இடுக்கு இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கை தரையில் தட்டுகிற அளவுக்குத் தண்ணீர் குறைந்த பிறகுதான் எழ வேண்டும். எதிரில் சாய்ந்த மரம் வந்து, விலகவும் வழியில்லை என்றால் மட்டும் இந்த முறை மாறும். குப்புறத் திரும்பி, தலை முன்னால் வரும்படி அதை நோக்கி முழு பலத்தோடு நீந்தி, எம்பி அதன் மேல் ஏறிவிட வேண்டும். அடியில் போய்விடக்கூடாது.

குளிர்ந்த தண்ணீருக்குள் விழுந்தவுடன் மூச்சு வாங்குவது யாருக்கும் நடப்பதுதான். குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று சொல்லித் தருகிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் பதறாமல் இருந்தால் போதும், மூச்சு திரும்பிவிடும் என்று தெரிந்திருப்பதே பெரிய பலம். கரையேறியதும் வெட்கம் பார்க்காமல் ஈர உடையைக் களைந்துவிட வேண்டும். தண்ணீர் உடம்பின் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக எடுத்துக்கொண்டு போகிறது.

இத்தனையும் தெரிந்தவர்கள்கூட ஆற்றில் போயிருக்கிறார்கள். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அலாஸ்காவின் டெக்லானிகா ஆறுதான் நினைவுக்கு வரும். 1992 ஏப்ரலில் கிறிஸ் மெக்கண்ட்லஸ் என்ற இளைஞர் அதைக் கடந்து, காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பேருந்தில் போய்த் தங்கினார். ஜூலையில் திரும்ப வந்தபோது ஆறு பெருகி ஓடியது. கடக்க முடியாமல் பேருந்துக்கே திரும்பினார். ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். கம்பியில் தொங்கிக் கடக்கும் ஒரு கூடை அங்கிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில் இருந்தது; அவருக்கு அது தெரியாது. அதன் பிறகு அந்தப் பேருந்தைப் பார்க்கவென்றே உலகமெங்கும் இருந்து ஆட்கள் போனார்கள். 2010-இலும் 2019-இலும் அதே ஆற்றில் இரண்டு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். 2020 ஜூனில் ராணுவ ஹெலிகாப்டர் வைத்துப் பேருந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆற்றை எடுக்க முடியாது, அக்கரையில் இருந்த ஆசையை எடுத்தார்கள்.

நமக்கும் ஒவ்வொரு ஆற்றின் அக்கரையிலும் ஒரு பேருந்து நிற்கிறது. இன்று போய்ச் சேர வேண்டிய முகாம், நாளை பிடிக்க வேண்டிய வண்டி, ஏற்கெனவே கடந்து போய்விட்ட வேறொரு கூட்டம், சமதரை. அன்று எனக்கு நனையாத ஷூவும் பத்து நிமிட அவசரமும். எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒருவர் 'வேண்டாம்' என்றால் வேண்டாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. காரணம் கேட்க ஆரம்பித்தால், பயந்தவர் பயத்தை மறைத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

பனி உருகி வரும் ஆறு பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் ஏறும், விடியற்காலையில் இறங்கியிருக்கும். பனியிலிருந்து வெகுதூரம் கீழே இருந்தால் இந்தக் கணக்குத் தள்ளிப்போகும், பகலில் உருகியது நள்ளிரவில்தான் வந்து சேரும். அதனால் கடிகாரத்தை மட்டும் நம்பாமல் கரையில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. மழையில் பெருகிய சின்ன ஆறு என்றால் மழை விட்ட சில மணி நேரத்திலேயே வடிந்துவிடும். காத்திருப்பது என்றால் நாள்கணக்கில் என்று நினைத்துப் பலர் இறங்கிவிடுகிறார்கள். பல சமயம் ஒரு தூக்கம்தான்.

அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு தடவை எழுந்து தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். பத்து மணிக்கு ஆற்றுக்கு அடியில் அந்தக் கடகட சத்தம் கேட்டது. இரண்டு மணிக்குக் கேட்கவில்லை.

நாலே முக்காலுக்கு அக்கா எழுப்பினார். கல் வெளியே வந்திருந்தது. முந்தின நாள் நான்கு மணிக்குப் பார்த்ததைவிட இன்னும் கீழே தண்ணீர். கல்லின் உச்சிக்கு மேலே, கரைப் பாறையில் மெல்லிய சாம்பல் வண்டல் கோடு ஒன்று ஓடியது, இரவில் ஆறு ஏறி நின்ற மட்டம். அந்தக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே கையை வைத்து அளந்தேன். இரண்டு சாணும் நான்கு விரலும்.

நாலு பேரும் கை கோத்து இறங்கினோம். ஆழமான இடத்தில் முழங்காலுக்கு ஒரு விரல் கீழே. குளிர் எலும்பில் ஏறியது, ஆனால் யாருடைய காலும் நழுவவில்லை. அக்கரை ஏறி, ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் திரும்பக் கரைக்குப் போய், தட்டையான வெள்ளைக் கல் ஒன்றைத் தேடி எடுத்துத் தண்ணீர் ஓரத்தில் பாதி மூழ்கும்படி ஊன்றினார்.

"நாளன்னிக்கு இதே வழியாத்தான் திரும்பணும். மணி என்ன, எழுதிக்கோ."

ஐந்து இருபது. மூன்று விரல் வெளியே தெரிந்தது. எழுதிக்கொண்டேன்.